நீலக் குப்பி

லீட்ஸ், லேலண்ட்ஸ்
1 நவம்பர் 1913, சனிக்கிழமை

டோபா அக்காவுக்கு,

ஓய்வு நாளில், யூதன் எழுதக்கூடாத நாளில், பேனாவைத் தொட்டிருக்கிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது மேலே உள்ள கிழமையை விட்டுவிட்டுப் படி.

வேலை கிடைத்துவிட்டது. காற்சட்டைப் பட்டறை. முதலாளி நம் ஆள்தான். வெள்ளிக்கிழமை மாலை தொழுகைக்கூடத்தில் முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறார். ஞாயிறு காலை நாங்கள் கழிவறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமுகிறார். லண்டன் வேலைநிறுத்தத்தில் நின்றதற்காக அங்கே எந்தப் பட்டறையும் என்னைச் சேர்க்கவில்லை என்பதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருப்பதில்லை. பக்கத்து எந்திரக்காரன் நேற்று, "லண்டன்காரரே, உங்க ஊர்ல வாயாலயே தைப்பீங்களோ?" என்று கேட்டான். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான்கு பேர் ஒரே அறையில் படுக்கிறோம். சன்னலை ஆணி அடித்து மூடியிருக்கிறார்கள். தனி அறை பிடித்ததும் மிண்டெலையும் குழந்தையையும் அம்மாவையும் அழைத்துக்கொள்வேன். அதுவரை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டிப் பயல் ஆன்ஷல் எழுந்து நிற்கிறானா? அம்மாவின் இருமல் நின்றதா? புகைபோக்கி அடைத்திருப்பதால்தான் இருமல் என்று அவள் சொன்னாள். புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சொல்.

லீசர்

*

லண்டன், கூப்பர்ஸ் சந்து
9 நவம்பர் 1913

லீசருக்கு,

ஆன்ஷல் நிற்கிறான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, கையை விட்டுவிட்டு, பின்பு தான் செய்ததை எண்ணி பயந்து உட்கார்ந்துவிடுகிறான்.

புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிட்டார்கள். அம்மா இருமுகிறாள். வியாழக்கிழமை நான் போயிருந்தபோது கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்து, தலையணைக்கு அடியில் செருகினாள். நான் எடுத்துப் பார்த்தேன். பீட்ரூட் சூப் சிந்திவிட்டது என்றாள். அந்த வீட்டில் பீட்ரூட் வாங்கியே வெகுநாள் ஆகிறது. மிண்டெல் அடுப்புப் பக்கம் இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவை நான் வேலை பார்க்கும் மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

இங்கே கூட்டம் அதிகமாகிவிட்டது. டாக்டர் லெவர்சன் இங்கிலீஷில் சொல்கிறார், நான் யிடிஷில் சொல்கிறேன். பால், முட்டை, திறந்த சன்னல். எல்லா நெஞ்சுக்கும் இதே மருந்து. இஸ்திரிக்காரன் ஒருவன் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சன்னலும் இங்கயே குடுப்பீங்களா, நாங்க வெளிய வாங்கிக்கணுமா?" என்று கேட்டான். டாக்டர், அவன் என்ன சொல்கிறான் என்றார். நன்றி சொல்கிறான் என்றேன்.

டோபா

*

லீட்ஸ்
15 நவம்பர் 1913

அக்கா,

வேண்டாம்.

அந்த இடத்தை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், நீ அங்கேயே சம்பளம் வாங்குவதால் மறந்துபோயிருக்கலாம். அது மீன்கிடங்கு. ஹெர்ரிங் பீப்பாய்களை உருட்டி வெளியே தள்ளியவன் நான். தரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம், சுண்ணாம்பு அடித்தோம், மழை பெய்தால் அப்படியும் மீன் நாறியது. பெஞ்சுகள் தச்சர் சங்கத்தார் கொடுத்தவை. தையல்காரர்கள் வாரா வாரம் தகரப் பெட்டியில் போட்ட காசில்தான் மருந்து வந்தது. அப்போது யாரையும் எந்த ஊர், எப்போது வந்தாய் என்று கேட்டதில்லை. எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்டோம்.

பிறகு நம் பணக்கார யூதர்கள், மெரிடன் சீமாட்டியும் அவள் கமிட்டியும் வந்தார்கள். நல்ல அடுப்பு, வெள்ளைத் திரை, வாசலில் பித்தளைத் தகடு, கூடவே ஒரு விதி. இங்கே வந்து ஐந்து வருடம் ஆகாதவனுக்கு நெஞ்சு கெட்டிருந்தால் ஊருக்குத் திரும்ப டிக்கெட். கப்பலில் போட்டு, வழிக்கு ரொட்டியும் கட்டிக் கொடுத்து, அன்போடு அனுப்பிவைப்பார்கள். நம் இருமல் அவர்கள் மானத்தை வாங்குகிறது. பத்திரிகைக்காரன் யூதனை அழுக்கன் என்று எழுதினால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அதனால் அழுக்கை ஊருக்கு அனுப்புகிறார்கள். அவள் தாத்தாவும் ஒரு காலத்தில் மூட்டையோடு துறைமுகத்தில் வந்து இறங்கியவன்தான்.

அம்மா வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. வோல்பாவில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? வீடு எரிந்துவிட்டது. அப்பாவின் கல்லறை மட்டும் இருக்கிறது.

நான் சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். கூட்டிக்கொண்டு போனால் வாயைத் திறக்காதே. முக்கியமாக மிண்டெலுக்குத் தெரியக்கூடாது. நல்லவள், ஆனால் குழாயடியில் ஒருத்தியிடம் சொல்வாள், மாலைக்குள் கமிட்டிக்குப் போய்விடும்.

லீசர்

*

லண்டன்
30 நவம்பர் 1913

லீசருக்கு,

கூட்டிக்கொண்டு போனேன். மிண்டெலிடம், அம்மாவுக்குக் கால் வீக்கம் என்று சொன்னேன்.

அம்மா பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தாள். என்னைத் தெரியாதவள்போல் இருந்தாள். நான் சொல்லாமலே அப்படி இருந்தாள். டாக்டர் குழாயை வைத்து முதுகில் கேட்டார். முன்னால் கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். நுரையீரல் இரண்டு பக்கமும் போய்விட்டதாம், வெகுநாளாக இருக்கிறதாம்.

"என்னடி சொல்றார்?" என்றாள்.

"சளி கட்டியிருக்காம்."

"இவ்ளோ நேரம் பேசினாரே, அவ்ளோதானா?"

வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று டாக்டர் கேட்டார். நான் அம்மாவிடம் கேட்கவே இல்லை. மூன்று வருடம் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். ஊர் எது என்றார், சொன்னேன். உன் அம்மாவா என்றார், சொன்னேன். பிறகு எழுதினார், காசம் என்று அல்ல, பழைய மார்புச் சளி என்று. அதற்குப் பதிலாக நான் சில காரியங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். அவளுக்குத் தனிக் கோப்பை, தனிப் படுக்கை. குழந்தையை முத்தமிடக்கூடாது, முகத்துக்கு அருகே கொண்டுபோகக்கூடாது. துப்பினால் நீலக் கண்ணாடிக் குப்பியில் துப்பி மூடியைப் போட வேண்டும். குப்பியை அங்கேயே கொடுத்தார்.

தனிப் படுக்கைக்கு எங்கே போவது? இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன். என் அறைக்குக் கூட்டிவர முடியாது. நான் இருப்பது மருந்தகத்துக்கு மேல்மாடியில். காவல்காரன் கமிட்டியின் ஆள். ராத்திரி இருமினால் காலையில் எழுதிவிடுவான்.

துப்பக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். "கண் படாம இருக்க மூணு தரம் துப்புறோமே, அதுவுமா?" என்றாள். டாக்டர் அது என்ன என்று கேட்டார். குழந்தையை யாராவது அழகு என்று சொன்னால் பெரியவர்கள் மூன்று முறை 'து' என்று துப்புவது வழக்கம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அதுவும்தான் என்றார்.

அந்த அறைச் சுவரிலேயே 'துப்பாதீர்கள்' என்று நான் பெரிய எழுத்தில் எழுதி மாட்டிய அட்டை இருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்துகொண்டே பெண்கள் ஒருத்தி குழந்தைக்கு இன்னொருத்தி து து து என்கிறார்கள். அதைத் துப்பல் என்று யாரும் நினைப்பதில்லை. நானும் அன்றைக்கு வரை நினைக்கவில்லை.

அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். காரணம் மிண்டெலுக்குத் தெரியாது. நீ சொன்னபடி.

டோபா

*

லீட்ஸ்
13 டிசம்பர் 1913

அக்கா,

டாக்டர் மனிதன்தான். அந்தக் கூட்டத்தில் ஒருவனாவது இருக்கிறான்.

இங்கே வேலை மந்தம். பாதி நாள் எந்திரத்துக்கு முன்னால் சும்மா உட்கார வைக்கிறார்கள், உட்கார்ந்ததற்குக் கூலி இல்லை. சங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறேன். "அதான பார்த்தேன்" என்றான் பக்கத்து எந்திரக்காரன்.

மிண்டெலிடமிருந்து கடிதம் வந்தது. நான்கு பக்கமும் அம்மாவைப் பற்றித்தான். அத்தைக்குத் தன்னைப் பிடிக்கவில்லையாம், அது முதலிலிருந்தே தெரியுமாம், இப்போது குழந்தையையும் பிடிக்கவில்லையாம். தூக்குவதில்லை, முத்தமிடுவதில்லை. கீழ்வீட்டுப் பெண் வந்து, "தங்கக்கட்டி, என்ன கன்னம் இவனுக்கு!" என்றாளாம். அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு தரம்கூடத் துப்பவில்லையாம். மறுநாளே குழந்தைக்குக் காய்ச்சலாம். துப்பாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று உன் அம்மாவிடம் கேள் என்று எழுதியிருக்கிறாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவி கண்ணேறை நம்புகிறாள், உன் டாக்டர் வாய்ச் சத்தத்துக்குப் பயப்படுகிறார். மூன்று முறை து என்றால் என்ன போய்விடும்? எச்சிலே வருவதில்லை, வெறும் காற்று. குப்பி வேறு, இது வேறு. இந்தச் சண்டை முற்றினால் மிண்டெல் தெருவெல்லாம் அம்மாவைப் பற்றிப் பேசுவாள், அது இன்னும் மோசம். அதனால் அம்மாவுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கிறேன், மிண்டெல் மனசு கோணாமல் நடந்துகொள், குழந்தைக்குத் துப்பிவிடு என்று. உனக்குத் தனியாக எழுத வேண்டாம் என்று பார்த்தேன், பிறகு எழுதிவிட்டேன்.

அறை ஒன்று பார்த்திருக்கிறேன். ஜனவரிக் குளிர் போனால் எல்லோரையும் அழைத்துக்கொள்கிறேன்.

லீசர்

*

லண்டன்
18 ஜனவரி 1914

லீசருக்கு,

நீ எனக்கு எழுதியது வருவதற்கு முன்பே அம்மாவுக்கு எழுதியது வந்துவிட்டது. மிண்டெல்தான் அதை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். சத்தமாகப் படித்தாளாம்.

விடுமுறைக் கூட்டத்தில் எனக்கு இரண்டு வாரம் அங்கே போக முடியவில்லை. போனபோது ஆன்ஷல் அம்மா மடியில் இருந்தான். மிண்டெல் சிரித்துக்கொண்டு இருந்தாள். அவர்களுக்குள் சண்டை இல்லை. அம்மா குழந்தையின் நெற்றிக்கு மேல் து து து என்றாள். என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னொரு முறை செய்தாள்.

வெளியே படிக்கட்டில் வைத்துக் கேட்டேன். "என் மகன் எழுதியிருக்கான்டி. அவன் படிச்சவன், அவனுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு முகத்தப் பார்த்தியா, எவ்ளோ நாளைக்கு அப்புறம் எனக்கு டீ போட்டுக் குடுத்தா" என்றாள்.

அன்று மிண்டெலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்றாய், சொன்னேன். அவள் அழவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆன்ஷல் வாந்தி எடுக்கிறான். பல் முளைக்கிறது என்கிறார்கள். வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். டாக்டரை நாளை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டுக்கு வந்தால் அம்மாவையும் பார்க்க வேண்டியிருக்கும், தெருவும் பார்க்கும். பரவாயில்லை.

டோபா

*

லண்டன்
5 பிப்ரவரி 1914

லீசர்,

தந்தி கொடுத்திருக்கிறேன். நாளை மதியத்துக்குள் அடக்கம் செய்தாக வேண்டும், ஓய்வு நாள் தொடங்குவதற்கு முன். நீ வந்து சேர முடியாது என்று நினைக்கிறேன். வந்தால் நேரே வீட்டுக்கு வா. துக்கத்துக்காகக் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடிவிட்டோம்.

ஆன்ஷலுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். கடைசி நாட்களில் அவனுக்கு வலி தெரிந்திருக்காது என்றார். யிடிஷில் அதை மிண்டெலுக்குச் சொன்னேன்.

டோபா

*

லீட்ஸ்
21 பிப்ரவரி 1914

டோபா,

மிண்டெலைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். இந்தத் தனி அறையிலும் சன்னலுக்கு ஆணி அடித்திருக்கிறது, அதன் மேல் குளிருக்கு நான் தொங்கவிட்ட சாக்கைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த வீட்டில் ஏழு நாள் துக்கத்துக்கு உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னவற்றை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. உனக்குத் தெரிந்திருந்தது. நீ மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். உனக்கு அட்டை எழுதத் தெரியும், சுவரில் மாட்டத் தெரியும். நூறு பேருக்குச் சொன்னதை வீட்டிலிருந்த ஒருத்திக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்றே கிளம்பியிருப்பாள்.

அம்மாவிடம் நான் பேசவில்லை என்று நீ வருத்தப்பட்டாய். என்ன பேசுவது?

எனக்கு எழுதாதே. கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

லீசர்

*

லண்டன்
29 மார்ச் 1914

லீசருக்கு,

எழுதக்கூடாது என்றாய். இது அம்மா விஷயம், அதனால் எழுதுகிறேன்.

நீ எழுதியதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. மிண்டெலுக்குச் சொல்லாதே என்று நீ எழுதியது என்னிடம் இருக்கிறது, குப்பி வேறு, இது வேறு என்று எழுதியதும் இருக்கிறது. குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. டாக்டரிடம் கேட்டேன், எதனால் வந்தது, எப்போது வந்தது என்று. எந்த மூச்சில் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஒரே அறை, ஒரே படுக்கை, போன குளிர்காலமாகவே இருக்கலாம் என்றார். எனக்காக நான் அவரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அம்மா டிக்கெட் கேட்டுவிட்டாள்.

என்னிடம் சொல்லவில்லை. கமிட்டி கூடும் செவ்வாய்க்கிழமை தானே நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நல்ல சால்வை போட்டுக்கொண்டு. உள்ளே கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க நான்தான். மெரிடன் சீமாட்டி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். டாக்டர் லெவர்சன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு சொல்லுடி. வந்து மூணு வருஷம்தான் ஆகுதுன்னும் சொல்லு. ஊருக்கு அனுப்பச் சொல்லு."

நான் அவள் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன்.

"இங்க எனக்குப் பேரன் இல்ல. மகன் வீட்டுக்குப் போனா இன்னொண்ணு பிறக்கும். அங்கயும் நான் இருமிட்டுதான் இருப்பேன். சொல்லுடி."

சொன்னேன். அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு புத்தியுள்ள பெண்ணைத் தான் இங்கே பார்த்ததில்லை, எல்லோரும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றாள். அதை அவளுக்குச் சொல் என்று என்னிடம் சொன்னாள்.

"என்னங்கிறா?"

"நீ ரொம்பப் புத்திசாலியாம். உன்னை மாதிரி யாரும் இல்லையாம்."

அம்மா பையைத் திறந்து நீலக் குப்பியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். குப்பிக்குள் து து து என்று மூன்று முறை துப்பி, மூடியைப் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ்கா பண்டிகை முடிந்ததும் கப்பல். வருகிறாயா?

டோபா

*

லண்டன்
26 ஏப்ரல் 1914

லீசருக்கு,

போய்விட்டாள். துறைமுகத்தில் உன்னைத் தேடவில்லை. நான்தான் தேடினேன்.

கமிட்டி ஒரு போர்வை கொடுத்தது. ரொட்டி கொடுத்தது, நீ சொன்னபடி. பஸ்காவில் மிச்சமான புளிக்காத அப்பத்தை அவளே துணியில் கட்டிக்கொண்டாள். கப்பலில் ஊருக்கு அனுப்பப்படுகிறவர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் நான்தான் யிடிஷில் சொல்லியிருந்தேன்.

உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். "சன்னல்ல இருக்கிற ஆணியப் பிடுங்கச் சொல்லு" என்றாள்.

டோபா

*

லீட்ஸ்
22 ஆகஸ்ட் 1914

அக்கா,

போர் தொடங்கிவிட்டதால் எழுதுகிறேன். அம்மாவிடமிருந்து ஏதாவது வந்ததா?

எங்கள் பட்டறையில் இப்போது இரவு பகலாக வேலை. சிப்பாய் உடுப்பு. முதலாளி எங்களைப் பிள்ளைகளே என்கிறார். பத்திரிகைக்காரர்கள், ரஷ்யாவின் ஜார் நம்முடைய நண்பர் என்று எழுதுகிறார்கள். எந்த ஜாரிடமிருந்து நாம் ஓடிவந்தோமோ அதே ஜார். பக்கத்து எந்திரக்காரன், "அப்போ நாம யாருகிட்டயிருந்து ஓடி வந்தோம்?" என்று கேட்டான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரலில் நீ எழுதியதைப் படித்த அன்றே ஆணியைப் பிடுங்கிவிட்டேன். சட்டம் உளுத்துப்போயிருந்தது, கண்ணாடியும் சேர்ந்து வந்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். டிசம்பரில் நான் அம்மாவுக்கு எழுதிய அந்த இரண்டு வரியை அவள் என்ன செய்தாள்?

லீசர்

*

லண்டன்
6 செப்டம்பர் 1914

லீசருக்கு,

மடித்துச் சால்வைக்குள் வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் மாதம் ஒரு கடிதம் வந்தது, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. போய்ச் சேர்ந்தாளாம், கசாப்புக்காரன் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறாளாம், காற்று நல்ல காற்றாம். அதன் பிறகு இல்லை. நான் வாரா வாரம் எழுதுகிறேன். கடிதம் இங்கிருந்து போகிறது.

மருந்தகத்தில் மாற்றம் உண்டு. இனிமேல் யாருக்கும் டிக்கெட் கிடையாது. கமிட்டி கூடி அந்த விதியை எடுத்துவிட்டது. கப்பல் போவதில்லை, அதுதான் காரணம். அதே கூட்டத்தில், அந்நியர்களுக்கும் அடைக்கலம் தருவது இந்த மருந்தகத்தின் பெருமை என்று தீர்மானம் போட்டார்கள். மெரிடன் சீமாட்டி அதை யிடிஷில் எழுதி வாசலில் மாட்டச் சொன்னாள். எழுதினேன். பித்தளைத் தகட்டுக்குக் கீழே மாட்டியிருக்கிறது. டாக்டர் லெவர்சன் சேனைக்குப் போய்விட்டார். போகும்போது என் கையைக் குலுக்கி, உன் அம்மா விஷயத்தில் நான் இன்னொரு பொய் எழுதியிருக்கலாம் என்றார். எழுதியிருக்கலாம் என்றேன்.

டோபா

*

லீட்ஸ்
30 ஜனவரி 1915, சனிக்கிழமை

அக்கா,

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை. மிண்டெல் நன்றாக இருக்கிறாள். கருவுற்றிருப்பதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, மிண்டெல் வேண்டாம் என்றாள்.

பெயர் வைக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். அம்மாவின் பெயரையே, க்னேஸ்யே என்று வைக்கலாம் என்கிறாள் மிண்டெல். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். "அத்தை பேர் இல்லாம இந்த வீட்டுல வேற என்ன இருக்கு?" என்றாள். உனக்கே தெரியும், உயிரோடு இருப்பவர் பெயரை நாம் வைப்பதில்லை. வைத்தால், அவள் போய்விட்டாள் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கை வரமாட்டேன் என்கிறது.

மருந்தகத்துக்கு எல்லா ஊர்க்காரர்களும் வருகிறார்கள். வோல்பா பக்கத்திலிருந்து யாராவது வந்தார்களா? ஏதாவது கேள்விப்பட்டாயா? ஒரே ஒரு வார்த்தை எழுது, வைக்கலாமா, கூடாதா. தொழுகைக்கூடத்தில் காத்திருக்கிறார்கள்.

அப்படியே நீயும் கிளம்பி வா. ஒரு நாள் ரயில்தானே. மிண்டெல்தான் வரச் சொல்லச் சொன்னாள். குழந்தையைத் தூக்கிக் காட்ட எங்களுக்கும் ஆள் வேண்டும்.

லீசர்

*

லண்டன், கூப்பர்ஸ் சந்து
7 பிப்ரவரி 1915

லீசருக்கு,

கூடாது.

வோல்பாக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். போருக்கு முன்பே கிளம்பியவர்கள். ஒருத்திக்கு அம்மாவைத் தெரியும். கிணற்றடியில் பார்த்தாளாம், இருமிக்கொண்டு இருந்தாளாம். அது போன வருடக் கோடை. அதற்கு அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது, யாருக்கும் தெரியாது. யாராவது வந்து என்னிடம் சொல்லும் வரை அவள் கிணற்றடியில் இருமிக்கொண்டு இருக்கிறாள். அவள் பெயரை அவளே வைத்துக்கொள்ளட்டும். குழந்தைக்கு யாருடைய பெயராகவும் இல்லாத ஒரு பெயரை வை. மிண்டெல் கேட்டாள் என்பதை அம்மாவுக்கு எழுதிவிட்டேன். போய்ச் சேர்ந்தால் சேரட்டும்.

நான் வரவில்லை. புது டாக்டர் வந்திருக்கிறார், இளைஞர், எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும், வேலை செய்பவர்களையும்தான் என்றார். குழாயை என் முதுகில் வைத்தார், முன்னால் வைத்தார். நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. அவர் சொன்னதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு பக்கம்தான். எனக்கும் ஒரு நீலக் குப்பி கொடுத்திருக்கிறார்கள். நானும் இங்கே வந்து ஐந்து வருடம் ஆகவில்லை. ஆனால் கப்பல் இல்லை, அதனால் இங்கேயே இருப்பேன். வேலையை விட்டு நீக்கவில்லை, யிடிஷ் தெரிந்த வேறு ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பால், முட்டை, சன்னல். சன்னல் எனக்கு இருக்கிறது. மழை பெய்தால் மீன் நாறுகிறது.

இதை மிண்டெலுக்குப் படித்துக் காட்டு. முழுவதும் படித்துக் காட்டு, எதையும் விடாதே.

நான் வந்து துப்ப முடியாது, அதனால் குழந்தையைப் பற்றி இதை அவளிடம் சொல். உன் நாத்தனார் அதைப் பார்த்ததே இல்லை, பார்க்காமலே சொல்கிறாள் என்று சொல். அந்தப் பெண் அசிங்கம். மூக்கு அசிங்கம், கன்னம் அசிங்கம், தலைமுதல் கால்வரை அசிங்கம். கண் வைக்க அதில் ஒன்றுமே இல்லை.

டோபா